அக்கா கொடுத்த 500 ரூபாய்

கேள்வி: காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். கல்லாவில் இருக்கும் அக்காதான் என்னை இங்கே சேர்த்துவிட்டார். முகூர்த்த நாட்களில் கூட்டம் நெருக்கும்போது சிலரிடம், "ஸ்கேனர் வேலை செய்யலை, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்று தன் சொந்த நம்பரைச் சொல்கிறார். அந்தச் சீடைக்கும் தேன்குழலுக்கும் பில் கிடையாது. மாசக் கடைசியில் சரக்குக் கணக்கு இடிக்கிறது. கடை முதலாளி ஆச்சி அந்தக் குறையைக் கவுண்டரில் நிற்கும் நாலு பேர் சம்பளத்திலும் பிரித்துப் பிடிக்கிறார். சொன்னால் அக்காவுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் ஆச்சிக்குத் துரோகம். நான் பார்த்துவிட்டது தெரிந்ததும் அக்கா 500 ரூபாயைக் கையில் திணித்தார், அப்படியே வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் கடைசியில் சொன்ன 500 ரூபாயிலிருந்தே தொடங்குகிறேன். அதுவரைக்கும் நீங்கள் பார்த்தவர். வாங்கிய பிறகு, நாளைக்கு விஷயம் வெளியே வந்தால், "அவளுக்கும் பங்கு கொடுத்தேனே" என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். முறைகேடாக வந்த பணம் என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பது தனிக் குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. மனசு உறுத்துகிறதே என்று யாருக்கும் தெரியாமல் கல்லாவில் போட்டுவிடாதீர்கள். ராத்திரி எண்ணும்போது 500 கூடுதலாக நிற்கும், கணக்கு இன்னும் குழம்பும். ஆச்சியிடம் விஷயத்தைச் சொல்லும்போது அவர் கையிலேயே கொடுங்கள்.

சொந்த நம்பருக்கு வாங்கினாலே திருட்டு என்று ஆகிவிடாது. வந்த பணத்தை ராத்திரி ரொக்கமாகக் கல்லாவில் கட்டிவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். சம்பள பாக்கிக்கு இப்படிக் கழித்துக்கொள் என்று முதலாளியே சொல்லியிருக்கவும் கூடும். வாயடைக்க அக்கா காசு கொடுக்காமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அக்காவிடம் முதலில் பேசலாமா? ஆலோசனை சொல்லும் எங்களில் பலர் கூடாது என்பார்கள். நான் பேசுங்கள் என்பேன், வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு அந்த அளவு கடமை உண்டு. ஆனால் கெஞ்சவோ பேரம் பேசவோ வேண்டாம். "நாளைக்குச் சாயங்காலம் ஆச்சிகிட்ட சொல்லப் போறேன்கா, அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க." அவ்வளவுதான். ஒரு நாளுக்கு மேல் தவணை கொடுத்தால், அவர் முந்திக்கொண்டு உங்கள் மேல் பழியைத் திருப்பக்கூடும்.

ஆச்சியிடம் "திருடுறாங்க" என்ற வார்த்தையே வேண்டாம். எந்தத் தேதி, சுமாராக எத்தனை மணி, என்ன பலகாரம், எந்த நம்பரைச் சொன்னார் என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒளிந்திருந்து வீடியோ எடுப்பதும், அக்காவின் போனை எடுத்துப் பார்ப்பதும் உங்கள் வேலை இல்லை. ஜிபேயில் வந்த பணத்துக்கு வங்கியிலேயே தடம் இருக்கிறது.

உங்கள் ஆச்சிக்கும் சில வார்த்தை. கடைப் பணத்தைக் கையாளும் ஊழியர் அதைத் தனதாக்கிக்கொண்டால் அதே சட்டத்தின் 316ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. புகார் கொடுப்பதும் பேசித் தீர்ப்பதும் அவர் முடிவு. ஆனால் அறையில் பூட்டி வைத்து எழுதி வாங்குவது அவரையே குற்றவாளி ஆக்கிவிடும். குறையை நாலு பேர் தலையில் பிரித்துப் போடுவதும் செல்லாது. ஒருவருடைய சொந்தக் கவனக்குறைவால் வந்த நஷ்டத்தை மட்டும், அதுவும் அவர் தரப்பைக் கேட்ட பிறகே, அவர் சம்பளத்தில் பிடிக்கலாம். நீங்கள் வாய் திறக்காத ஒவ்வொரு மாசமும் மற்றவர்கள் சம்பளத்திலும் கை வைக்கப்படுகிறது. துரோகக் கணக்குப் போடும்போது அவர்களை விட்டுவிட்டீர்கள்.

ஒரு சங்கடமான விஷயமும் உண்டு. வரிக்காக "இதுக்குப் பில் வேண்டாம்" என்று முதலாளியே சில நாள் சொல்லும் கடைகள் இருக்கின்றன. அங்கே கல்லாவில் இருப்பவர் வேறு என்ன கற்றுக்கொள்வார்?

நம் ஊர்க்காரர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன காலத்தில், கடல் தாண்டி இருந்த கடையை வெறும் நம்பிக்கையில் விட்டுவிடவில்லை. கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், பணப்பெட்டியருகே பெட்டியடிப் பையன் என்று ஆளுக்கொரு பொறுப்பு. மேலாளுக்கு வழக்கமாக 3 வருஷக் கணக்கு. பிறகு வேறொருவர் வந்து பொறுப்பேற்பார். உங்கள் கடையில் பில், பணம், பொட்டலம் மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன. பில் போடுகிறவர் ஒருவர், பொட்டலம் கொடுக்கிறவர் இன்னொருவர் என்று பிரித்து, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் ஒன்றையும் கவுண்டரில் வைக்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்ட பிறகு பொட்டலம் கை மாறட்டும்.

ஒருவேளை ஆச்சி கோபத்தில் உங்களையும் சேர்த்து நிறுத்திவிட்டால், வேலை செய்த நாளுக்கான சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். அதற்காகவாவது, இதுவரை எந்தெந்த மாசம் எவ்வளவு பிடித்தார்கள் என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.