ஓர் அறை, ஓர் ஓர்க், ஒரு தட்டுப் பழம்பொரி

வணக்கம். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஓர் ஓர்க் (கற்பனைக் கதைகளில் வரும் முரட்டு அரக்கன்), அவன் காவலில் ஒரு தட்டுப் பழம்பொரி, பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்துக்காக நீங்கள் அமைத்த சாகசம் இவ்வளவுதான் என்றும், புளியரை நண்பர்கள் இதைச் சாகசமாகவே ஏற்க மறுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

இந்த வழக்கில் நான் உங்கள் கட்சி. இடம், காவல், நாவூறும் பொருள் மூன்றும் இருக்கின்றன. 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் வெளிவந்தது முதல் நிலவறை ஆட்டங்களின் எலும்புக்கூடு இதுதான். ஆனால் நான்கே நிமிடத்தில் ஓர்க்கை வெட்டிவிட்டார்கள் என்கிறீர்களே, அங்குதான் குறை: உங்கள் ஓர்க்குக்கென்று ஆசை எதுவும் இல்லை.

அந்த ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு பேசிக் (தொடக்கநிலை) விதிகளில் உள்ளபடி, சந்தித்தவுடன் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 2 விழுந்தால் ஓர்க் உடனே பாய்வான், 12 விழுந்தால் நட்பு கொள்வான்; 6 முதல் 8 வரை விழ 36இல் 16 வாய்ப்புகள் இருப்பதால், தயங்கி நிற்கவே வாய்ப்பு அதிகம். செங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் இதை ஆடியபோது 8 விழுந்தது. தட்டு தன்னுடையதன்று, ஆரியங்காவுக்குப் போன முதலாளி திரும்பும்வரை காக்கிறேன், மூன்று நாளாக ஒரு துண்டுகூடத் தின்னவில்லை என்று ஓர்க் (என் மைத்துனரின் குரலில், பாதி மலையாளத்தில்) புலம்பவே, ஒன்றரை மணி நேரம் யாரும் வாளைத் தொடவில்லை.

அறையைப் பெரிதாக்க வேண்டாம். வீரர்கள் நால்வர் என்றால் தட்டில் ஐந்து துண்டுகள் வையுங்கள். அந்த ஐந்தாவதுக்கு அவர்களே அடித்துக்கொள்வார்கள்.