எல்கேஜியில் எழுத்து வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நாலு வயது. கொளத்தூரில் எல்கேஜி படிக்கிறான். தினமும் இரண்டு பக்கம் எழுத்து வேலை. கை வலிக்கிறது என்று அழுகிறான். பிரின்சிபாலைப் பார்த்துக் கேட்டேன். "விளையாட்டு பீரியட் வாரத்துக்கு ரெண்டு இருக்கேம்மா. நோட்டு காலியா இருந்தா நீங்களே வந்து சண்டை போடுவீங்க" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பிவிட்டேன். நான் கேட்டது தப்பா?

கவிதா

அன்புள்ள கவிதா,

தப்பே இல்லை. நாலு வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். கை வலி என்று அவன் சொல்வது சாக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த பிரின்சிபால்களில் விளையாட்டு வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அவர்கள் மனதில் இருப்பது மைதானமும் மணியும்தான். பலர் பிளஸ் டூவுக்குக் கணக்கோ இயற்பியலோ நடத்தி மேலே வந்தவர்கள். விளையாட்டு என்றால் படிப்புக்கு நடுவே விடும் ஓய்வு, அவ்வளவுதான்.

போன மாதம் என் தங்கையின் பேத்தியோடு ஒத்தையா ரெட்டையா ஆடினேன். அவளுக்கும் நாலு வயதுதான். மூடிய கையை நீட்டினாள். ஒத்தை என்றேன். புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி, இரண்டிரண்டாக விரலால் தள்ளி வைத்தாள். கடைசியில் ஒன்று ஜோடியில்லாமல் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அதனோடு சேர்த்து, "இப்போ ரெட்டை" என்றாள். நோட்டில் இருபது முறை எழுதினாலும் இது வராது.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தை கையால் செய்து பார்ப்பதை அவர் குழந்தையின் 'வேலை' என்றே சொன்னார். 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது.

சரி, பிரின்சிபாலுக்கு வருவோம். அவர் பயப்படுவது பெற்றோருக்கு. அந்தப் பயம் நியாயமானது, அதை நாம்தான் கொடுத்தோம். அதனால் இந்த முறை தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பெற்றோராகப் போய், "நோட்டைக் கேட்க மாட்டோம்" என்று எழுதியே கொடுங்கள். அரை மணி நேரம் எல்கேஜி வகுப்பில் தரையில் உட்கார்ந்து பார்க்கும்படி அவரையும் கேளுங்கள்.

அதுவரை அந்த இரண்டு பக்கத்தை எழுத வைக்க வேண்டாம். கை வலிக்கிறது, நான்தான் எழுத வேண்டாம் என்றேன் என்று டைரியில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மிஸ்ஸிடம் அவன் பதில் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள்.