பழைய ஃபிரேமில் ஃபிக்ஸட் கியர்: முதலில் பின் ஹப்பைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பள்ளிக்கூடக் காலத்தில் ஃபிக்ஸட் கியர் சைக்கிள் ஓடியவன் நான். இப்போது 48 வயது. மாமா விட்டுப்போன இங்கிலாந்து ரேஸ் சைக்கிள் ஃபிரேம் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அதைத் திருத்தி ஓட ஆசை. கடைக்காரர், சாதாரண பின் சில்லிலேயே பிறீவீலை வெல்ட் பண்ணித் தருகிறேன், செலவு குறைவு என்கிறார். இன்னொருவர், கறள் பிடித்த ஃபிரேமை எறிந்துவிட்டு தன்னிடம் உள்ள ஜப்பான் ஃபிரேமை எடுக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்? பிறேக் கட்டாயமா?"

இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஃபிரேம் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறார்கள். ஃபிக்ஸட் கியர் என்றால் சில்லு சுழலும்வரை பெடலும் சேர்ந்தே சுழலும், காலைப் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். அதில் உங்கள் உயிரைப் பிடித்து வைத்திருப்பது பின் ஹப், அதாவது பின் சில்லின் நடுப்பகுதி.

சாதாரண சைக்கிளில் பிறீவீல், அதாவது மிதிக்காதபோது சில்லைச் சும்மா ஓட விடுகிற பற்சில்லு, ஹப்பின் மரையில் திருகப்பட்டிருக்கும். முன்னுக்கு மிதிக்க மிதிக்க அது இறுகும். பின்னுக்குச் சும்மா சுழலும் என்பதால் அதைக் கழற்றுகிற விசை வரவே வராது. அதை வெல்ட் பண்ணி அசையாமல் ஆக்கினால் கதை மாறுகிறது. வேகத்தைக் குறைக்க நீங்கள் காலைப் பின்னுக்கு அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த மரை கழலப் பார்க்கும். ஒரு நாள் கழன்றே விடும். கோணேசர் கோயிலடியில் இருந்து கோட்டை வாசலுக்கு இறங்கும்போது கழன்றால் பெடல் வெறுமனே சுழலும், சைக்கிள் நிற்காது. இதைச் செய்து கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஓடுகிற ஆளுக்கு இது தெரியாது. செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபிக்ஸட் ஹப் என்றால் மரை இரண்டு படியாக இருக்கும். உள்ளே பெரிய படி வலமரை, அதில் பற்சில்லு ஏறும். வெளியே கொஞ்சம் சிறிய படி இடமரை, அதில் லொக்ரிங் என்ற வளையம் ஏறும். பற்சில்லு கழலப் பார்த்தால் லொக்ரிங் இன்னும் இறுகி அதைத் தடுக்கும். வாங்குமுன் ஹப்பைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பாருங்கள், அந்தப் படி தட்டுப்பட வேண்டும். லொக்ரிங்கைக் கையால் திருகுங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருகும்போது இறுகினால் சரி. மற்றப் பக்கம் இறுகினால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். சாதாரண ஹப்பின் மரையில் ஃபிக்ஸட் பற்சில்லை ஏற்றி, கிராங் அச்சின் இடப்பக்கக் கப்பை இறுக்குகிற வளையத்தை அதற்கு மேல் திருகுவார்கள். இரண்டும் ஒரே அளவு மரை, அதனால் அழகாகப் பொருந்தும். ஆனால் இரண்டும் வலமரை. பற்சில்லு கழன்றால் வளையமும் சேர்ந்து கழலும். இப்படி ஓடலாமா என்றால், முன்னும் பின்னும் நல்ல பிறேக் இருந்து, நிறுத்துவதற்குப் பிறேக்கை மட்டுமே பிடிக்கிறவர் ஓடலாம். பின்னுக்கு அழுத்தி நிறுத்துகிற பழக்கம் உள்ளவர் ஓடக்கூடாது. நீங்கள் இளமையில் ஃபிக்ஸட் ஓடியவர். மூளை மறந்தாலும் அவசரத்தில் உங்கள் கால் பின்னுக்குத்தான் அழுத்தும். ஆகவே இந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.

இனி ஃபிரேம். கடற்காற்றில் கிடந்த இரும்பை வெளியே பார்த்து முடிவெடுக்காதீர்கள். கறள் உள்ளேயிருந்து தின்னும். ஸீற் தண்டையும் கிராங் அச்சையும் கழற்றி, டோர்ச் அடித்துக் குழாய்க்குள் பாருங்கள். தண்ணீர் வடிந்து தேங்குவது கிராங் அச்சடியில்தான். அங்கே ஸ்க்ரூட்ரைவர் நுனியால் அழுத்துங்கள். மேலே செம்பொடி மட்டும் உதிர்ந்தால் பயமில்லை, சுரண்டிப் பெயின்ற் அடிக்கலாம். நுனி உள்ளே இறங்கினால் அந்த ஃபிரேமைச் சுவரில் மாட்டி வையுங்கள். பெயின்ற் கடைசி வேலை. பெயின்ற் அடித்து முடித்த ஃபிரேமைக் கொண்டுவந்து காட்டுகிறவரிடம் எதுவும் வாங்க வேண்டாம், புட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஜப்பான் ஃபிரேம், ரெனால்ட்ஸ் 531 ஃபிரேம் என்று ஸ்டிக்கரைக் காட்டி விலையை ஏற்றுகிற தரகர்கள் இருக்கிறார்கள். ஸ்டிக்கரைத் தனியாக வாங்கி ஒட்டலாம். ரெனால்ட்ஸ் 531 என்பது 1935இல் வந்த மங்கனீசு மொலிப்டினம் எஃகுக் குழாய். அதில் நல்ல வகைக் குழாயால் செய்த ஃபிரேமுக்குப் பெரும்பாலும் 27.2 மில்லிமீற்றர் ஸீற் தண்டு போகும். தரகர் 531 என்கிறார், தண்டை அளந்தால் 25.4 வருகிறது என்றால் கதையை நிறுத்திவிடலாம். இதையெல்லாம் கேட்க ஒரு ஆள் இல்லை, பழைய சைக்கிள் வியாபாரத்துக்கு ஒரு ஒழுங்கும் இல்லை. உலகறிந்த இயற்கைத் துறைமுகம் நம் வாசலில் கிடக்கிறது. ஆனால் ஒரு நல்ல லொக்ரிங் வேண்டுமென்றால் கொழும்பில் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பின் அச்சு உட்காரும் வெட்டு கிடையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேர் கீழ்நோக்கிய வெட்டென்றால் செயினை இறுக்க வழியில்லை. பழைய இங்கிலாந்து ஃபிரேம் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இராது.

பிறேக் கட்டாயம். குறைந்தது முன் பிறேக். கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் மான் எப்போது குறுக்கே பாயும் என்று சொல்ல முடியாது, மாடு அதைவிட மோசம். முன் சில்லின் பிறேக்குக்கு ஈடாகக் காலால் நிறுத்த இளைஞனாலும் முடியாது.

பல்லுக் கணக்கில் பழைய பெருமையை விடுங்கள். முன்னுக்கு 44, பின்னுக்கு 17 போதும். மேட்டில் முழங்காலைத் தின்னாது, இறக்கத்தில் கால் சமாளிக்கும். கிராங் 165 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், வளைவில் பெடல் நிலத்தில் அடிக்கும். முதல் சில வாரம் விடியப்புறம் நிலாவெளி வீதியில் ஓடுங்கள், தட்டையான வீதி. கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாளில் விட்டுவிடுங்கள். உவர்மலை ஏற்றம் அப்புறம் பார்க்கலாம்.

சாரத்தோடு ஏறவே கூடாது. துணி செயினில் மாட்டினால் இந்தச் சைக்கிள் நின்று தராது. செயினைத் துடைக்கும்போது சில்லைச் சுழல விட்டுத் துணியைப் பிடிக்கிற பழக்கமும் வேண்டாம். துணியோடு விரல் பல்லுக்குள் போனால் சில்லு நிற்குமுன் விரல் துண்டாகிவிடும். சில்லைக் கையால் கொஞ்சம் உருட்டி, நிறுத்தி, பிறகு துடையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைக்கவே வேண்டாம்.

செயின் நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு ஆட வேண்டும். சில்லை மெல்ல உருட்டி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். முதல் வாரம் ஓடிய பிறகு பின் சில்லைக் கழற்றி லொக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். மிதித்த மிதியில் பற்சில்லு இன்னும் உள்ளே இறுகியிருக்கும், வளையத்துக்கும் அதற்கும் இடையில் இடைவெளி விட்டிருக்கும். அந்த இறுக்கத்தைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே சாவி பிடித்துச் செய்யுங்கள்.