கவாசாகி: ஐவிஐஜி ஏற்றிய பிறகும் காய்ச்சல் திரும்பினால்?

கேள்வி: எங்கள் மூன்று வயது மகனுக்குக் கவாசாகி நோய் என்று சொல்லி ஐவிஐஜி (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றினார்கள். இரண்டாம் நாளே மறுபடி காய்ச்சல். இப்போது இன்ஃப்ளிக்ஸிமாப் போடலாம் என்கிறார் டாக்டர். தேடிப் பார்த்தால் ‘ஆராய்ச்சியில் உள்ளது’ என்று வருகிறது. சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்கலாம் அம்மா. தள்ளிப்போடுவதுதான் இங்கே ஆபத்து.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த நோயை விவரித்தார். விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு. சில குழந்தைகளுக்கு பிசிஜி ஊசி போட்ட தழும்புகூடச் சிவந்து வீங்கும். இவையெல்லாம் தானாக அடங்கிவிடும். கவலை இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களைப் பற்றித்தான். அழற்சியால் அவற்றின் சுவர் பலவீனமாகி, பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல் புடைத்துக்கொள்ளும். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆகும். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஐவிஐஜி கொடுத்தால் அது 4 சதவீத அளவுக்கு இறங்குகிறது.

ஆனால் 10 முதல் 20 சதவீதக் குழந்தைகளுக்கு அந்த ஒரு டோஸ் போதாது. மருந்து ஏறி முடிந்து 36 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் இருந்தாலோ, திரும்பி வந்தாலோ, குழாய்ச் சுவரில் அழற்சி இன்னும் அணையவில்லை என்றே எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் உங்கள் டாக்டர் அவசரப்படுகிறார்.

இன்ஃப்ளிக்ஸிமாப் புது மருந்து அல்ல. மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் 20 வருடத்துக்கு மேலாகப் பயன்படுகிறது. உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளுக்கு இதையும் இரண்டாவது டோஸ் ஐவிஐஜியையும் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் ஒப்பிட்டு, 2021இல் முடிவை வெளியிட்டன. இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 77 சதவீதத்தினருக்கு ஒரே நாளில் காய்ச்சல் விட்டது. மற்ற பிரிவில் 51 சதவீதம். ரத்தச்சோகையும் குறைவு. கரோனரி குழாய்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பானில் வேறு வழியில் போனார்கள். ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் டோஸோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தபோது கரோனரி பாதிப்பு 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்ததை 2012இல் காட்டினார்கள். எனக்கு இது பெரிய முன்னேற்றமாகவே படுகிறது. உங்கள் டாக்டர் ஸ்டீராய்டு என்று சொன்னாலும் பயப்படாதீர்கள். இந்த நோய்க்கு உண்மையிலேயே ஆராய்ச்சி நிலையில் இருப்பவை அனகின்ரா, அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற மருந்துகள்.

ஊசிக்கு முன் வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று யோசித்துச் சொல்லிவிடுங்கள்; இன்ஃப்ளிக்ஸிமாப் மறைந்திருக்கும் டிபியைக் கிளப்பிவிடக்கூடும். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும்போது ‘இசட் ஸ்கோர்’ எவ்வளவு என்று கேளுங்கள்; அந்த உடல் அளவுள்ள குழந்தைக்கு இயல்பான அகலத்திலிருந்து கரோனரி குழாய் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. 2.5ஐத் தொட்டால் புடைப்பு என்று கணக்கு.

வீட்டுக்குப் போன பிறகு நகத்தை ஒட்டித் தோல் உரியும்; அது நோயின் போக்குதான், பயம் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இடையில் காய்ச்சல் வந்தால் இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள், அது ஆஸ்பிரின் வேலையைக் கெடுக்கும். அம்மையோ ஃப்ளூவோ அண்டினால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். எம்எம்ஆர், சின்னம்மை தடுப்பூசிகளை ஐவிஐஜிக்குப் பிறகு 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். அப்புறம், பையன் ஓடியாடி விளையாடினாலும் ஆறாவது வார எக்கோவைத் தவறவிடாதீர்கள்.