எழுதுகிறார், ஆனால் எழுதியதைப் படிக்க முடியவில்லை

கேள்வி: தங்கச்சிமடத்தில் மீன் கமிஷன் வியாபாரம் செய்யும் என் அப்பாவுக்கு வயது 61. இரண்டு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்தது. கை கால் விழவில்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது, சொன்னதெல்லாம் புரிகிறது. ஆனால் நாளிதழ் படிக்க முடியவில்லை. நோட்டில் ‘பாரை 12 கிலோ’ என்று அவரே எழுதுகிறார்; சற்று நேரம் கழித்துக் காட்டினால் 12 மட்டும்தான் தெரிகிறது. இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டோம். வலப் பக்கம் வைக்கும் டம்ளரைத் தட்டிவிடுகிறார். உறவினர்கள் நடிப்பு என்கிறார்கள். புத்தி தடுமாறிவிட்டதோ என்று நான் பயப்படுகிறேன்.

பதில்: முதலில் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள் தம்பி: அப்பா நடிக்கவில்லை, புத்தியும் தடுமாறவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மூளையில் எழுத்தைப் படிக்கும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. பாரிஸில் 1887இல் ஒரு வியாபாரிக்கு இதே நிலை வந்தது. சரளமாகப் பேசினார், கடிதம் எழுதினார். எழுதியதை அவராலேயே படிக்க முடியவில்லை. எண்கள் மட்டும் தெரிந்தன. அவரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் ழூல் டெஜரின் 1892இல் அதை விவரமாக எழுதிவைத்தார்.

பேச்சும் எழுத்தும் மூளைக்கு ஒன்றல்ல. ஏலக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ‘வாளை’ என்ற கூவல் காதில் விழுந்ததும் யாராவது வாழைத்தாரைத் தேடுகிறார்களா? நம் பக்கத்துப் பேச்சில் ளகரமும் ழகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆனாலும் நிற்கும் இடம், எதிரே இருக்கும் கூடை, அதற்கு முன் கேட்ட விலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஒரு நொடிக்குள் மீன்தான் என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. பெரும்பாலோருக்கு இந்த வேலையின் முக்கியப் பங்கு இடக் காதை ஒட்டிய மூளைப் பகுதியில் நடக்கிறது. அப்பாவுக்கு அந்த இடம் நன்றாக இருக்கிறது. அது கெட்டிருந்தால், 1874இல் கார்ல் வெர்னிக்கி விவரித்தவர்களைப் போல, மளமளவென்று பேசுவார். பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் விளங்காது.

எழுத்தின் கதை வேறு. பேச்சைக் குழந்தை கேட்டே கற்றுக்கொள்கிறது. எழுத்தோ தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று பிறவியிலேயே மூளையில் ஓர் இடம் கிடையாது. அ, ஆ பழகும் வயதில், பார்த்த உருவங்களை அடையாளம் காணும் பகுதியில் கொஞ்சத்தை எழுத்துக்காகப் பழக்கி எடுக்கிறோம். அது இடப் பக்க மூளையின் அடியில், பின்புறமாக இருக்கிறது.

அந்தப் பின்பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டால் இரண்டு கண்களிலும் வலப் பாதிப் பார்வை போய்விடும். டம்ளர் தட்டுப்படுவது அதனால்தான். இடப் பாதியில் தெரிவது வலப் பக்க மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து இடப் பக்கத்து எழுத்துப் பகுதிக்குக் கொண்டுவரும் நரம்பு இழைகளும் சேதமாகியிருந்தால், எழுத்து வெறும் கோடாகவே நின்றுவிடும். பாம்பன் பாலத்தை அடைத்துவிட்டால் ராமேஸ்வரம் தீவில் ஏற்றிய சரக்கு அக்கரையில் இருக்கும் மண்டபம் ஊருக்கு வராதே, அப்படி. சொல்லிலிருந்து கைக்குப் போகும் வழி வேறு. அது திறந்திருப்பதால் எழுதுகிறார். எண்களை வலப் பக்க மூளையும் ஓரளவு அறியும்.

ஆகவே இனிக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஸ்கேன் படங்களுடன் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, பார்வைப் புலப் பரிசோதனையும் செய்து, நான் சொல்வதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் மிக நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. இதே குறையுடன் என்னிடம் வந்த பெரியவர் ஒருவருக்குத் தாளில் ‘சீலா’ என்று மீன் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஆள்காட்டி விரலை எழுத்தின் மேல் வைத்து ஓட்டச் சொன்னேன். விரல் தலைச்சுழியில் வளைந்து திரும்பியதும் “சீ” என்றார். கண் வழி அடைபட்டாலும் கை அறிந்த எழுத்து மூளைக்குள் போகிறது. தாம்பாளத்தில் கடல் மணலைப் பரப்பி, எழுத்துகளை வரைந்து, அப்பாவின் விரலால் தடவச் சொல்லுங்கள். காலையும் மாலையும் 20 நிமிடம் போதும். வாளை, பாரை, நண்டு, கணவாய் என்று அவர் வாழ்நாளெல்லாம் விற்ற பெயர்களிலிருந்து தொடங்குங்கள். அவர் களைத்தால் நிறுத்திவிடுங்கள். குழந்தையைத் திருத்துவதுபோல் பிறர் முன்னால் திருத்தாதீர்கள்.

முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். பழைய வேகம் திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதுவரை கணக்கை அவரே எழுதட்டும், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

வலப் பாதி தெரியாதவர் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, படகு செலுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பின் ஒழுங்கு மூன்றையும் பார்த்துவிடுங்கள். வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தீவிலிருந்து ராமநாதபுரம் வந்து சேரும் நேரமும் அதில்தான் அடங்கும்.