டி செல்லின் பசியைப் படிக்க நினைக்கும் மகளுக்காக

வணக்கம் அம்மா. மகள் பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு இம்யூனோமெட்டபாலிசம் படிக்கப் போகிறேன் என்கிறாள், டயட்டீஷியன் ஆக எதற்கு இத்தனை வருடம் என்று கேட்டிருந்தீர்கள். டயட்டீஷியன் படிப்பு வேறு, இது வேறு. கிடைக்கும் சத்தைப் பொறுத்து நோய் எதிர்ப்பு செல் எப்படி நடந்துகொள்கிறது என்று செல்லுக்குள்ளேயே போய்ப் பார்க்கும் ஆராய்ச்சி இது.

டி செல் என்பது நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ரத்தத்தில் சும்மா சுற்றும் டி செல்லுக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படாது. கிருமியை அடையாளம் கண்டுவிட்டால் நாளுக்கு இரண்டு மூன்று முறைகூடப் பிரிந்து பெருகும். அப்போது குளுக்கோஸையும் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் வாரி இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸில் பெரும்பகுதியை முழுதாக எரிக்காமல் லாக்டேட்டாக வெளியே தள்ளிவிடும். அந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு 2தான் மிச்சம். ஆனால் வேகம் அதிகம், புது செல் கட்டுவதற்கான மூலப்பொருள்களும் வழியிலேயே கிடைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. குளுக்கோஸை உடைக்கும் வரிசையில் ஜிஏபிடிஹெச் என்று ஒரு நொதி உண்டு. குளுக்கோஸ் குறைந்து அதற்கு வேலை இல்லாமல் போனால், இன்டர்ஃபெரான் காமா என்ற நோய் எதிர்ப்புப் புரதத்துக்கான ஆர்என்ஏவை, அதாவது அதன் செய்முறைக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கிறது. 2013இல் வெளியான கண்டுபிடிப்பு. புற்றுநோய்க் கட்டி சுற்றியுள்ள குளுக்கோஸைக் காலி செய்யும்போது, உள்ளே வந்த டி செல்கள் ஏன் செயலிழக்கின்றன என்பதற்கு இது ஒரு விடை. தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே, குளுக்கோஸை உடைக்கும் அதே கிளைக்காலிசிஸ் பாடம்தான்!

அதனால் என் கருத்து இது: பெயர் கவர்ச்சியாக இருக்கும் குறுகிய படிப்பில் இப்போதே சேர்க்காதீர்கள். பயோகெமிஸ்ட்ரியிலோ இம்யூனாலஜியிலோ உறுதியான எம்எஸ்சி போதும். செல் கல்ச்சர் (செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது), ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளந்து வகைப்படுத்துவது) கையில் வர வேண்டும். அப்புறம் ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல் மொழி, இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வேலை கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. சொந்தமாக ஆய்வு நடத்த வேண்டுமென்றால் பிஎச்டி தேவை, அதற்கு ஐந்து வருடமாவது ஒதுக்குங்கள். உதவித்தொகை இல்லாத இடத்தில் சேர வேண்டாம். ஆனால் இந்தத் திறமைகளுக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் தேவை இருக்கிறது. டி செல்லை மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் கார்-டி சிகிச்சைக்கு நோயாளியின் டி செல்களை வெளியே வளர்க்கிறார்கள். எந்த ஊடகத்தில், அதாவது எந்தச் சத்துத் திரவத்தில் வளர்த்தோம் என்பதைப் பொறுத்து செல்லின் தரமே மாறும். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ஆர்பிஎம்ஐ 1640 என்ற ஊடகத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 2 கிராம், வெறும் வயிற்றில் நம் ரத்தத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. இப்படிப்பட்ட வித்தியாசத்தைக் கவனிக்கும் ஆள் மருந்து நிறுவனங்களுக்கும் வேண்டும்.

பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதமாவது ஒரு ஆய்வகத்தில் வேலை செய்யச் சொல்லுங்கள். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, விடுமுறையிலும் போய் ஊடகம் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலை பிடிக்கிறதா என்று அவளே தெரிந்துகொள்ளட்டும். சேரும் முன் அங்கே இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசி, சோதனை தோற்றால் வழிகாட்டி எப்படி நடந்துகொள்வார், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள்.