வாசகர் கேள்வி–பதில்: வீட்டுப் பட்டறையில் ஒரு கட்டில்

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ் சிறிய பட்டறை வைத்து, முக்காலி, புத்தக அலமாரி போன்றவற்றைச் செய்துவருகிறேன். அடுத்து இருவர் படுக்கும் கட்டில் ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். கடையில் வாங்கிய கட்டில் இரண்டே ஆண்டுகளில், புரண்டு படுக்கும்போதெல்லாம் கிறீச்சிடத் தொடங்கிவிட்டது. அப்படி ஆகாமலிருக்க எந்த மரத்தை, எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: தாங்கள் மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஓசை பெரும்பாலும் நீளச் சட்டமும் காலும் சேரும் இடத்திலிருந்தே எழுகிறது. ஆகவே இணைப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

மரம் வாங்குவதை முதலில் முடித்துவிடுவோம். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கத்து மரக்கடைகளில் தேக்கைக் கன அடிக் கணக்கில் தருவார்கள். ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். மெத்தை 78 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால், 6 அங்குல உயரமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள சட்டங்கள், 3 அங்குலச் சதுரக் கால்கள், நடுச்சட்டம், தலைப்பலகை எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கன அடிக்குச் சற்று மேல் வரும். அறுப்பிலும் இழைப்பிலும் போகும் சேதாரத்தையும் சேர்த்து மூன்றரைக் கன அடி வாங்கினால் போதும். மெத்தையைத் தாங்கக் குறுக்கே வரிசையாக இடும் ரீப்பர் பட்டைகளுக்குத் தேக்கு தேவையில்லை. நன்கு உலர்ந்த வேம்பே போதுமானது. எந்த மரமாயினும் வைரப் பகுதியையே கேளுங்கள். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சிகள் முதலில் தேடி வரும். இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கு உத்தரம் கிடைத்தால் அதுவே சிறந்தது என்பது என் கருத்து, ஏனெனில் அது பல பத்தாண்டுகளாக உலர்ந்து அடங்கிய மரம். ஆனால் இழைப்புளி வைக்கும் முன் காந்தத்தைத் தடவி, உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இணைப்புக்கு வருகிறேன். ஒருவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எழும்போதும், படுத்தவர் புரளும்போதும், நீளச் சட்டத்தின் இரு முனைகளும் காலிலிருந்து விலகப் பார்க்கின்றன. சட்டத்தின் முனையில், அதாவது குறுக்குவெட்டு முகத்தில், திருகாணியை முடுக்கியிருந்தால், அதன் மரை மரத்தின் இழைகளுக்கு இணையாக ஓடுகிறது. பிடிப்பதற்குக் குறுக்கே இழை இல்லாமையால் சிறிது சிறிதாக மரம் பொடிந்து துளை பெரிதாகிறது. அந்த இடைவெளியில் மரத்தோடு மரம் உராய்வதே தாங்கள் கேட்கும் கிறீச்சொலி. இன்னும் பெரிய திருகாணியைப் போடுவது சில மாத நிம்மதியைத் தவிர வேறெதையும் தராது.

தலைமாட்டுச் சட்டத்தையும் கால்மாட்டுச் சட்டத்தையும் கால்களோடு நிரந்தரமாக இணைத்துவிடலாம். சட்டத்தின் முனையை அரை அங்குலக் கனமுள்ள கழுந்தாக, அதாவது துளையில் செருகும் நாக்காகச் செதுக்கி, காலில் அதே அளவுக்கு ஒன்றரை அங்குல ஆழத் துளை எடுத்து, பசையிட்டு இறுக்குங்கள். கழுந்து துளைக்குள் கையால் அழுத்தினாலே போக வேண்டும். சுத்தியலால் அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளந்துவிடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. எனவே பசை தடவுவதற்குச் சற்று முன்பு, சேரும் முகங்களைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இரண்டு நீளச் சட்டங்களுக்கு மட்டும் பசை வேண்டாம். சென்னையில் வாடகை வீடு மாறுவோருக்கும் குறுகிய மாடிப்படி உள்ளோருக்கும் கழற்ற இயலாத கட்டில் பெருந்தொல்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், இந்த இணைப்பை அவ்வப்போது இறுக்க வசதி இருக்க வேண்டும் என்பதே. சட்ட முனையில் அரை அங்குல நீளத்துக்குக் குட்டையான கழுந்து விட்டு, அது காலின் துளையில் உட்காருமாறு செய்யுங்கள். கட்டிலின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். பிறகு காலின் வெளிப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 6 அங்குல நீளமுள்ள போல்ட்டைக் கால் வழியாகச் சட்டத்துக்குள் செலுத்தி, சட்டத்தின் உட்பக்கத்தில் முனையிலிருந்து இரண்டரை அங்குலம் தள்ளி ஒரு சிறு குழி வெட்டி, அதில் வாஷரும் நட்டும் வையுங்கள். இப்போது நட்டு சட்டத்தை இழையின் நீளவாக்கில் காலை நோக்கி இழுக்கிறது. அந்த வாக்கில் மரத்தின் வலிமை மிக அதிகம். குளிர்சாதனம் ஓடும் அறையில் மரம் உலர்ந்து இணைப்பு தளர்ந்தாலும், ஸ்பானரால் அரைச் சுற்று முடுக்கினால் பழைய பிடிப்பு வந்துவிடும்.

அளவுகளில் ஒன்றை மட்டும் குறைக்காதீர்கள்: சட்டத்தின் உயரம். சட்டத்தின் உயரம் இருமடங்கானால் வளையாத தன்மை எட்டு மடங்காகும். கனம் இருமடங்கானால் இருமடங்குதான். ஐந்தடி அகலக் கட்டிலுக்கு நடுச்சட்டமும், அதன் மையத்தில் தரையைத் தொடும் ஒரு காலும் கட்டாயம் வேண்டும். நடுவில் தாங்கல் வந்ததும் ரீப்பர்கள் தாண்ட வேண்டிய தூரம் பாதியாகி, தொய்வு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். ரீப்பர்களுக்கிடையே மூன்று அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளி விடுங்கள். முழுப் பிளைவுட் விரிப்பது எளிது என்றாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் மெத்தையின் அடிப்புறம் பூஞ்சை பிடிக்கும்.

தலைப்பலகையைச் சட்டத்தின் வரிப்பள்ளத்தில் பசையின்றிச் செருக வேண்டும். தேக்கு நீளவாக்கில் அசைவதேயில்லை என்று சொல்லலாம். ஆனால் 20 அங்குல அகலப் பலகை, மழைக்கால ஈரத்துக்கும் குளிர்சாதன அறையின் வறட்சிக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஒட்டிவிட்டால் அது வெடிக்கும். இறுதியாகப் பொருத்தும்போது எதிரெதிர் மூலைகளுக்கிடையே இருபுறமும் அளந்து பாருங்கள்; இரண்டும் சமமாக இருந்தால்தான் கட்டில் கோணாமல் நிற்கிறது.

கேள்வி: கடலுக்கு அருகில் வசிக்கிறோம். புதிதாகச் செய்த கட்டிலுக்கு அரக்குப் பாலிஷ் போட்டோம், வெண்படலம் படிந்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூசியதால், அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொண்டது. வெயில் நன்கு காயும் நாளில் ஸ்பிரிட்டில் இலேசாக நனைத்த துணியால் ஒருமுறை தேய்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாவிட்டால் நுண்மையான உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசுங்கள். உப்புக்காற்று படும் வீட்டில் போல்ட், திருகாணி ஆகியவை துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும். பாலிஷுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பூச நினைத்தால், துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகி, குவித்த துணி தானாகவே தீப்பற்றக்கூடும். ஒவ்வொன்றையும் திறந்தவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.